கிட்டாரில் தெரிந்த தொப்பை

7 ஜூலை 2008, திங்கள்

காலையிலிருந்தே காற்று. கம்பெனி இருக்கிற மண்ணரைப் பகுதி முழுக்கப் புழுதி. லென்ஸ் துடைத்தே அரை மணி நேரம் போச்சு.

கம்பெனி கேட்டலாகுக்குப் பனியனும் ஜட்டியும் மட்டுமே படமெடுத்து வந்த எனக்குப் புது வேலை. கிட்டார். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவர் டி-ஷர்ட் நெஞ்சில் கிட்டார் படம் கேட்கிறாராம். வெள்ளிக்கிழமை சாம்பிள் பார்க்க நேரில் வருகிறார்.

முதலாளி: "நல்லா எடுங்க தம்பி. சொதப்புனா கோயமுத்தூர்ல இருந்து ஆளக் கூட்டியாந்துருவனுங்க. நீங்க மறுக்கா அயர்னிங் டேபிளுக்கே போயிக்கலாம்."

கம்பெனியில் கிட்டார் வைத்திருப்பது ஒரே ஆள். தைத்த துணியில் பழுது பார்க்கும் செக்கிங் எஸ்தர். தூத்துக்குடிப் பக்கம். ஞாயிறானால் சர்ச்சில் வாசிப்பவர். கேட்டேன்.

"தாரேன் அண்ணே. ஆனா நீங்க தொடக் கூடாது."

8, செவ்வாய்

கிட்டார் வந்தது. பெட்டிக்குள் கம்பளி, கம்பளிக்குள் பழைய சேலை, சேலைக்குள் கிட்டார். நிறுத்தியது, திருப்பியது, துடைத்தது எல்லாம் எஸ்தர்தான்.

இரண்டு லைட்டையும் நேராகப் போட்டேன். நாற்பது படம். நாற்பதிலும் பளபளக்கும் மரத்துக்குள் நான். தொப்பை, கட்டம் போட்ட சட்டை, சட்டைப் பையில் பேனா, எல்லாம் சுத்தமாகத் தெரிகிறது. கிட்டார்தான் மங்கல். கிட்டப் போய் எடுத்தால் வயிறு பூசணி, தலை சுண்டைக்காய். (கிட்டாரைச் சொல்கிறேன்.)

எஸ்தர் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு: "இது கிட்டார் போட்டோவா அண்ணே, ஒங்க போட்டோவா?"

மதியச் சோற்றுக்குள் கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது.

9, புதன்

கரண்ட் இல்லை. லைட் இரண்டும் தண்டம். ஜன்னல்தான் கதி. அதிலும் வெயில் சுள்ளென்று விழுந்து பாதி கிட்டார் வெள்ளை, பாதி கறுப்பு.

எஸ்தர் போய் வெள்ளைப் பனியன் துணி நாலு மீட்டர் தூக்கி வந்தார். "வெயிலு கண்ணக் குத்துதுல்லா. இதக் கட்டுங்க."

கட்டினேன். வெளிச்சம் பால் மாதிரி இறங்கியது. எதிர்ப்பக்கம் தெர்மகோல் அட்டை. பின்னால் கறுப்புத் துணி. மிச்சக் கறுப்புத் துணியைத் தலையோடு நானே போர்த்திக்கொண்டேன், லென்ஸுக்கு மட்டும் ஓட்டை. பத்தடி பின்னால் போனேன், அது வராண்டா.

முதலாளி அந்த வழியாக வந்து பதறிவிட்டார். "ஏனுங்க தம்பி, போட்டோ எடுக்கறீங்களா, பேயோட்டறீங்களா?"

ஆனால் படம்! ஆறு கம்பியும் தனித்தனி வெள்ளிக் கோடு. மரத்தின் வரி ஒவ்வொன்றும் தெரிகிறது. நான் எங்கேயும் இல்லை. கேமராவில் காட்டினேன். எஸ்தர் கேமராவை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

"என் கிட்டார் இவ்வளவு அழகா அண்ணே?"

11, வெள்ளி

பத்து மணிக்கு பையர். ஒன்பதுக்குத்தான் பிரிண்டிங்கிலிருந்து சாம்பிள் வந்தது. எல்லாருக்கும் பிடித்தது. செக்கிங்கில் எஸ்தர் மட்டும் தள்ளி வைத்துவிட்டார்.

"தடிக் கம்பி வலப்பக்கம் போயிட்டு. படத்தத் திருப்பிப் போட்டுட்டாவ. இத இடது கைக்காரந்தான் வாசிக்க முடியும்."

முதலாளி: "அதெல்லாம் ஆருக்குங்க தெரியப் போவுது?"

"வாசிக்கிறவங்களுக்குத் தெரியும்லா சார்."

முதலாளியிடம் இப்படி யாரும் பேசிப் பார்த்ததில்லை. இருந்தாலும் என் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். "அவங்க சொல்றது சரிதானுங்க."

இரண்டு பேரையும் முறைத்தார். பிறகு பிரிண்டிங்குக்குப் போன் போட்டு, "ஸ்க்ரீன மாத்துங்க" என்றார்.

மாற்றி வர மூன்று மணி நேரம். அதுவரை பையருக்கு: இளநீர் 3, டீ 2, அவிநாசி யூனிட்டில் நிட்டிங் மிஷின் தரிசனம், பிறகு கோயில் தரிசனம்.

ஒரு மணிக்கு விபூதியோடு வந்து உட்கார்ந்தார். சாம்பிளை விரித்து, நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, கம்பிகள் மேல் விரலை ஓட்டினார். தடிக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக.

ஓகே.

12, சனி

"உனக்கு என்ன வேணும் கண்ணு?" என்று முதலாளி எஸ்தரைக் கேட்டார். கிட்டாரோடு தன்னை ஒரு படம் எடுத்துத் தர வேண்டுமாம்.

அதே ஜன்னல், அதே துணி. வெளிச்சம் கம்மி, ஆடாமல் இருங்கள் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு வாசிக்க ஆரம்பித்துவிட்டார். தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

சாயங்காலம் பிரிண்ட் கொடுத்தேன். "கிட்டார் நல்லா வந்திருக்குதுங்க. உங்க கைதான் ஆடிருச்சு, கலங்கலா இருக்குது. திங்கக்கிழமை இன்னொண்ணு எடுத்துத் தர்றனுங்க."

"வேண்டாம் அண்ணே. இது வாசிக்குதுல்லா."