உளுந்தங்களியும் ஓடாத கால்களும்

அம்மா,

அடுப்பில் கருப்பட்டிப் பாகு கொதிக்கிறது. உளுந்து மாவைத் தூவிக் கிண்டி நல்லெண்ணெய் ஊற்றினேன். எழுந்த வாசத்தில் கை ஓய்ந்துவிட்டது. உன் பேத்தி வயசுக்கு வந்து இன்று பதினோராம் நாள். நீ இருந்திருந்தால் இந்தக் கரண்டியை என்னிடம் கொடுத்திருக்க மாட்டாய்.

என்னையும் சீவலப்பேரி வீட்டில் இப்படித்தான் உட்காரவைத்தாய். தினமும் ஒரு உருண்டைக் களி, நடுவில் குழித்து எண்ணெய். "தின்னுட்டி, இடுப்பெலும்பு இரும்பாட்டம் இருக்கணும்லா" என்பாய். அதுவரை பள்ளிக்கூடக் கோகோ அணியில் ஓடிக்கொண்டிருந்தவள் நான். சடங்கு முடிந்து பள்ளிக்கூடம் போன முதல் நாள் நீயும் கூடவே வந்தாய். "இவ இனி ஆட மாட்டா டீச்சர், பெரியவளாயிட்டா" என்று சொல்லிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு திரும்பினாய். பஸ்ஸில் அழுதேன்.

"சும்மா இருட்டி. குதிச்சுக் குதிச்சு கர்ப்பப்பை எறங்கிட்டுன்னா எவன் கட்டுவான்? ஒன் டீச்சரா வந்து கட்டிக்கிடுவா?"

முன்சீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அதை மறக்க எனக்கு ரொம்ப நாளானது.

பிறகு நான் ஓடவே இல்லை. படித்தேன், வேலைக்குப் போனேன். எல்லாம் உட்கார்ந்தே.

இரண்டு வருஷத்துக்கு முன் புறவாசலில் வழுக்கினாய். பெரிதாக விழவும் இல்லை. இடுப்பெலும்பு ஒடிந்தது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக் கட்டிலில் மேலே பார்த்தபடி கேட்டாய்: "அம்புட்டுக் களி தின்னேனேட்டி, பொறவு ஏன் ஒடிஞ்சுது?" நானும் நர்ஸும் சிரித்துவிட்டோம். நீ சிரிக்கவில்லை. மூன்று மாதத்தில் போய்விட்டாய்.

போன மாதம் முதுகுவலிக்கு ஸ்கேன் எடுத்தேன். வயதுக்கு மீறி எலும்பு மெலிந்திருக்கிறதாம். பெண்பிள்ளைகளுக்கு வயசுக்கு வருகிற காலத்தை ஒட்டித்தான் எலும்பு வேகமாகக் கெட்டிப்படும் என்றார் டாக்டரம்மா. சாப்பாடு மட்டும் போதாதாம். ஓடி, குதித்து, கால் தரையில் மோத வேண்டுமாம். "ஒங்களுக்கு இதனாலதான் வந்ததுன்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா" என்றும் சொன்னார். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் உன்மேல் கோபப்படாமல் இருக்கிறேன். நீயும் பன்னிரண்டு வயதில் உட்காரவைக்கப்பட்டவள்தானே.

நேற்று உன் தங்கை வந்தாள். உன் குரலேதான் சித்திக்கு.

"இனி இவளுக்கு என்னட்டி கோகோ? டீச்சர்ட்ட போய்ச் சொல்லிட்டு வா."

மகள் என்னைப் பார்த்தாள். அடுத்த வாரம் அவளுக்குப் பள்ளிக்கூடக் கோகோ அணித் தேர்வு. இத்தனையும் தெரிந்திருந்தும் எனக்கு அலுப்பாகத்தான் இருந்தது அம்மா. சரி என்று சொல்லிவிட்டால் அன்றைய பொழுது சண்டையில்லாமல் போகும் என்றுகூட நினைத்தேன். பிள்ளையின் கண் என் முகத்தைவிட்டு நகரவில்லை.

"அவ ஆடட்டும் சித்தி."

"நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

"நான் பாத்துக்கிடுதேன்."

சித்தி காப்பி குடிக்காமலே போய்விட்டாள்.

இப்போது உள்ளறையில் மகள் கயிறு தாண்டிப் பழகுகிறாள். தரை அதிர்வது இங்கே கேட்கிறது. ஒவ்வொரு குதிப்புக்கும் என் அடிவயிறு ஒருமுறை இறுகி விடுகிறது. டாக்டரம்மா சொன்னதெல்லாம் புரிந்த பிறகும் நீ கொடுத்த பயம் அங்கேயேதான் இருக்கிறது. அது போகும் என்று தோன்றவில்லை. ஆனால் போதும் என்று இதுவரை ஒரு தடவைகூட அவளிடம் சொல்லவில்லை.