சிவப்பு விழாத விளக்கு

2 ஜூன் 2025, திங்கள்

காலையில் ஒரு வரன் போட்டோ. ஆமத்தூர்ப் பெண், இரண்டு கன்னத்திலும் அம்மைத் தழும்பு. இரண்டு டியூப்லைட்டையும் முகத்துக்கு நேரே பக்கத்தில் இழுத்து, வெளிச்சம் மென்மையாக விழ முன்னால் பட்டர் பேப்பரைத் தொங்கவிட்டேன். கன்னம் வழவழவென்று ஆகிவிட்டது. அந்தப் பெண்ணின் அம்மா திரையைப் பார்த்துவிட்டு, "எம் மக இம்புட்டு அழகாவா தம்பி இருக்கா?" என்று கேட்டார். பெண் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

ஸ்டுடியோ என்று பெயர்தான். எட்டுக்குப் பத்து அறை. எலக்ட்ரிக் கடையில் எல்லாரும் வீட்டுக்கு வாங்குகிற எல்.இ.டி. டியூப் நான்கு, பல்பு மூன்று, பிரஸ்ஸில் கழித்துப் போட்ட பட்டர் பேப்பர், ஒரு தெர்மாகோல் அட்டை. இதை வைத்து எடுத்தே "சபரிகிட்ட போட்டோ எடுத்தா வரன் அமையும்" என்று பேர் வாங்கிவிட்டேன். சபரிக்கு மட்டும் முப்பத்து மூன்று ஆகியும் அமையவில்லை.

மதியம் தரகர் சங்கையா மாமா வந்தார். "ஊருக்கெல்லாம் எடுக்கியே, உனக்கு ஒண்ணு எடுத்துக் குடு மாப்ள. காரியாபட்டில ஒரு பொண்ணு இருக்கு" என்றார். சிரித்து மழுப்பினேன். விடுகிற மாதிரி இல்லை.

5 ஜூன், வியாழன்

எடுத்துவிட்டேன். கேமராவை ஸ்டாண்டில் வைத்து, டைமரைப் போட்டு, ஓடி ஓடி உட்கார்ந்து, ஒரு மத்தியானம் முழுக்க.

இடது கன்னம், காது, கழுத்து எல்லாம் தீக்காயத் தழும்பு. ஆனைக்குட்டம் பக்கம் மத்தாப்பு காயவைத்த களத்தில் தீப்பிடித்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. உதட்டின் இடது முனையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டுவிட்டது. கண்ணாடியில் அதை வகை வகையாகப் பார்த்திருக்கிறேன். எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று விரலுக்குக்கூடத் தெரியும்.

முகத்தை இடப்பக்கம் திருப்பி உட்கார்ந்தேன். வலது கன்னம் கேமராவுக்கு, இடது கன்னம் பின்னால் போய்விடும். முகத்துக்கு நேராக ஒரு டியூப். தெரிகிற கொஞ்சத்துக்கும் தெர்மாகோலில் பட்டுத் திரும்பும் வெளிச்சம். அவ்வளவுதான். கம்ப்யூட்டரில் ஒரு புள்ளியைக்கூட அழிக்கவில்லை. அதை இங்கே எழுதி வைக்கிறேன். நான் எதையும் அழிக்கவில்லை.

நல்ல படம். ரொம்ப நல்ல படம்.

6 ஜூன், வெள்ளி

பிரிண்ட் போட என் சிநேகிதன் ஜெயச்சந்திரனிடம் கொடுத்தேன். பிரஸ்ஸில் பதினைந்து வருடமாக மெஷின் ஓட்டுகிறவன், கலரைப் பற்றி அவனிடம் வாய் கொடுக்க முடியாது. படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தான்.

"ஏலே, உன் லைட்டுல செவப்பே விழலையேலே. முகூர்த்தச் சேலை எல்லாம் செங்கல் கலர்ல வருதுன்னு நீதான பொலம்புவ? அதேதான் இங்கயும். உன் தளும்பு செவப்பு. அது இந்த லைட்டுக்குத் தெரியல" என்றான். பிறகு, "நல்ல லைட்டுல ஒண்ணு எடுத்துச் சேத்துக் குடுலே" என்றான்.

மலிவு விளக்கைத் திட்டாத நாள் இல்லை. முதல் தடவையாக அது எனக்கு ஒரு உதவி செய்திருக்கிறது. அதையும் வேண்டாம் என்பதா? "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

12 ஜூன், வியாழன்

பெண்ணுக்குச் சம்மதம்!

மாமா சத்தியம் செய்கிறார், எதையும் மறைக்கவில்லையாம். "தீக்காயத் தளும்பு இருக்குன்னு எடுத்ததுமே சொல்லிட்டேன் மாப்ள. எம்புட்டுன்னு கேட்டாக. வாயால எதுக்குச் சொல்லணும்னு போட்டோவ நீட்டுனேன்."

அம்மா அழுதாள். ஜாதகமும் பொருந்திவிட்டது. போன் நம்பர் கொடுத்திருக்கிறார்கள். அனுப்பிரியா. அப்பா தங்கச்சாமிக்கு விதைக்கடை, அவள்தான் கணக்கும் கடையும் பார்க்கிறாளாம்.

எம்புட்டு என்று கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பதில் அந்தப் படம். இதை நினைக்கக் கூடாது.

19 ஜூன், வியாழன்

தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேசுகிறாள். முளைக்கவில்லை என்று பருத்தி விதையைத் திருப்பிக் கொண்டுவந்த ஒருவர், தண்ணீர் விட மறந்துபோனதைச் சண்டை போட்டு முடித்த பிறகு ஞாபகம் வந்து ஒப்புக்கொண்டாராம். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நானும் சிரித்தேன். நான் இப்படிச் சத்தமாகச் சிரித்து எத்தனை நாளாயிற்று.

"நீங்க 'ப' சொல்லும்போது மட்டும் காத்து மாதிரி வருது, ஏன்?" என்று கேட்டாள். போன் சரியில்லை என்றேன். உதட்டு முனை மூடாது என்று சொல்ல எத்தனை வார்த்தை வேண்டும்?

27 ஜூன், வெள்ளி

வீடியோவில் வரச் சொன்னாள். சிக்னல் இல்லை என்றேன். "சரி, நேராப் பாத்த மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்க. எப்பப் பாத்தாலும் அங்கன யாரையோ பாத்துக்கிட்டே இருக்கீக. ஸ்டுடியோக்காரருக்கு ஒரே ஒரு போட்டோதானா?"

கோபமாகக் கேட்கவில்லை. ஆசையாகத்தான் கேட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை.

28 ஜூன், சனி

கடையைச் சாத்திவிட்டு நேராக உட்கார்ந்து எடுத்தேன். நாற்பது படம். நாற்பதையும் அழித்தேன். விளக்கை எங்கே வைத்தாலும் நேராகப் பார்த்தால் அது இருக்கிறது. இருக்காமல் எங்கே போகும்?

1 ஜூலை, செவ்வாய்

இன்றும் கேட்டாள். ஆர்டர் அதிகம் என்றேன். ஒரு ஆர்டரும் இல்லை.

5 ஜூலை, சனி

நாளை பெண் வீட்டார் நம் வீடு பார்க்க வருகிறார்கள். ஆடி பிறப்பதற்குள் பேசி முடிக்க வேண்டுமாம். வழக்கப்படி பெண் வர மாட்டாள், பெரியவர்கள்தான். நல்லதா கெட்டதா தெரியவில்லை.

ஸ்டுடியோவிலிருந்து இரண்டு டியூபைக் கழற்றி வந்து முன்னறையில் மாட்டினேன். தெருப்பக்க ஜன்னலைச் சாத்தி, திரையையும் இழுத்துவிட்டேன். என் நாற்காலியை, வலது கன்னம் அவர்கள் பக்கம் இருக்கும்படி போட்டு, ஒவ்வொரு இருக்கையிலும் உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தேன். அம்மா வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவளே வந்து நாற்காலியை இன்னும் இரண்டு அங்குலம் தள்ளிப் போட்டாள்.

6 ஜூலை, ஞாயிறு

முடிந்தது.

ஐந்து பேர் வந்தார்கள். தங்கச்சாமி நல்ல மனிதர், கை கூப்பிக்கொண்டே உள்ளே வந்தார். காற்றில்லாத அறை, உச்சி வெயில் நேரம், மேலே ஓடிய ஃபேன் சூட்டைத்தான் கீழே தள்ளியது. எல்லாருக்கும் வேர்த்து ஊற்றியது. நான் திரும்பாமல் பேசிக்கொண்டிருந்தேன், கழுத்து வலித்தது. சங்கையா மாமா என் தொழிலைப் பற்றி அளந்துவிட்டுக்கொண்டிருந்தார். தட்டிலிருந்து கொஞ்சம் மிக்சரைக் கையில் எடுத்த தங்கச்சாமி, "புளுங்குதே, கொஞ்சம் காத்து வரட்டும்" என்று எழுந்தார். நான் "இருங்க, நான்..." என்பதற்குள் திரையை ஒதுக்கி ஜன்னலைத் திறந்துவிட்டார்.

அவ்வளவு வெளிச்சமும் என் இடது கன்னத்தில் வந்து விழுந்தது. எனக்குத் தெரியும், அந்தக் கோணத்தில் விழுந்தால் ஒவ்வொரு மேடும் தெரியும். படம் எடுக்க வருகிறவர்களிடம் நானே சொல்வேன், பக்கவாட்டு வெளிச்சத்தில் தழும்பைக் காட்டாதீர்கள் என்று.

ஜன்னலருகே நின்று அவர் என் முகத்தைப் பார்த்தார், கத்தவில்லை. முகத்தைச் சுளிக்கவும் இல்லை. திரும்பி வந்து கையிலிருந்த மிக்சரை அப்படியே தட்டில் போட்டார். மற்றவர்களும் எடுத்ததை வைத்துவிட்டார்கள். அம்மா கொண்டுவந்த காபி ஐந்து டம்ளரிலும் அப்படியே ஆறியது. எங்கள் பக்கம் வாயில் ஒன்றும் போடாமல் எழுந்தால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "போயிட்டுத் தகவல் சொல்லி விடுறோம்" என்றார்கள்.

தங்கச்சாமி மட்டும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே நின்றார். "தளும்பு இருக்குன்னு சொன்னாக தம்பி. அத மனசுல வச்சுக்கிட்டுத்தான் வந்தோம். ஜன்னல எதுக்குத் தம்பி மூடி வச்சீக?"

8 ஜூலை, செவ்வாய்

அவளே கூப்பிட்டாள். ஞாபகத்தில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

"வீட்டுல வேணாம்னுட்டாக. நானும் வேணாம்னுதான் சொன்னேன். தளும்புக்காகன்னு நெனைக்காதீக. சங்கையா மாமா முதல் நாளே சொல்லிட்டாரு. அதுக்கும் சேத்துத்தான் சரின்னேன். நீங்கதான் நம்பல. ஒரு மாசம் பேசியும் நம்பல."

"அது வந்து..." என்று ஆரம்பித்தேன். அவள் விடவில்லை.

"ஒண்ணே ஒண்ணு. நேரா ஒரு போட்டோ அனுப்புங்க. கல்யாணத்துக்காக இல்ல. ஒரு மாசமா யாருகிட்ட பேசுனேன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

9 ஜூலை, புதன்

சரின்னு சொல்லியிருக்காளே! எல்லாம் தெரிஞ்சே சரின்னு சொல்லியிருக்காளே. சனியன் பிடிச்சவன் நானே கெடுத்துக்கிட்டேன். யாரைக் குத்தம் சொல்ல? தீ பிடிச்சப்ப கூட இப்படி வலிக்கல. அதுலயாவது என் தப்பு ஒண்ணும் இல்ல.

கடை திறக்கவில்லை.

15 ஜூலை, செவ்வாய்

இன்று ஒன்றைக் கவனித்தேன். அம்மா சோறு போடும்போது என் வலப்பக்கம் நின்றுதான் போடுகிறாள். அடுப்படி இடப்பக்கம் இருக்கிறது. சட்டியைத் தூக்கிக்கொண்டு என்னைச் சுற்றி வந்து, வலப்பக்கம் நின்று போடுகிறாள். பதினோரு வருடமாக அப்படித்தானா? யோசித்துப் பார்த்தால், ஆமாம். பஸ்ஸில், கோயிலில், ஆஸ்பத்திரி பெஞ்சில், எங்கேயும் வலப்பக்கம்தான்.

அவள்மேல் கோபம் வரவில்லை. பாவம், பெற்றவளாலேயே பார்க்க முடியவில்லை. பாதியில் கை கழுவினேன். "உடம்புக்கு என்னலே?" என்றாள், வலப்பக்கம் இருந்து.

20 ஜூலை, ஞாயிறு

எடுத்தேன். டியூப் எதையும் போடவில்லை. காலை பத்து மணிக்கு ஸ்டுடியோக் கதவை விரியத் திறந்து, வாசலுக்கு நேராக ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். வெயில் கொஞ்சம் இடப்பக்கமாகவே விழுந்தது. விழட்டும் என்று விட்டேன். ஒரே ஒரு படம். சிவப்பு சிவப்பாகவே வந்திருக்கிறது.

அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். நாலு தடவை நிமிர்த்திப் பார்த்தேன்.

21 ஜூலை, திங்கள்

பதில் வந்தது. "பாத்துட்டேன். அந்தக் காத்து எங்கருந்து வருதுன்னு இப்பத்தான் தெரியுது. இத மொதல்லயே குடுத்திருக்கலாம்ல."

நான் திரும்ப எழுதிய எதற்கும் பதில் இல்லை. எழுதியதும் இரண்டே வரிதான்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. அம்மா கோயிலுக்குக் கூப்பிட்டாள். போகவில்லை. வரன் போட்டோ கேட்டு வந்தவர்கள் இரண்டு பேரை வேறு ஸ்டுடியோவுக்கு அனுப்பினேன். விளக்கு ரிப்பேர் என்றேன். பொய் சொல்லும் பழக்கம் மட்டும் போக மாட்டேன் என்கிறது.

11 ஆகஸ்ட், திங்கள்

பட்டர் பேப்பரை எல்லாம் மடித்து ஜெயச்சந்திரனிடம் கொடுத்தேன். "என்னலே, தொழில விடப் போறியா?" என்றான். தெரியவில்லை. காலையில் எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று இருக்கிறது. இதை அவனிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவனுக்குத் தெரிந்திருக்கும், மதியம் வரை என்கூடவே உட்கார்ந்திருந்தான்.

22 ஆகஸ்ட், வெள்ளி

ஆவணி பிறந்துவிட்டது. சங்கையா மாமா ஸ்டுடியோவுக்கு வந்தார். காரியாபட்டிப் பெண்ணுக்கு அருப்புக்கோட்டையில் முடிந்துவிட்டதாம், அடுத்த முகூர்த்தத்தில் நிச்சயம். நல்லது என்றேன். நிஜமாகவே நல்லது. ஆனாலும் கொஞ்ச நேரம் எனக்குக் காது கேட்கவில்லை, அவர் சாத்தூரில் ஒரு இடம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்தப் போட்டோ இன்னொரு காப்பி குடு மாப்ள."

வாசல் வெயிலில் எடுத்ததைப் பிரிண்ட் போட்டு வைத்திருந்தேன். அதை நீட்டினேன். கையில் வாங்கியவர் அதை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"மாப்ள, இதக் கொண்டு போனா தண்ணிகூடக் குடுக்க மாட்டாகளே."

"குடுக்கலைன்னா வந்துருங்க மாமா. ஜன்னலத் தொறந்து பாத்துட்டுச் சொல்றத விட இது தேவல."

சரி சரி என்று தலையாட்டினார். டீ குடித்தார். அவர் போன பிறகு பார்த்தால் படம் ஸ்டூலின்மேல் கிடந்தது. மறந்து வைத்துவிட்டுப் போனாரா, வேண்டுமென்றேவா, தெரியவில்லை. பின்னாலேயே ஓடிக் கொடுக்கவும் இல்லை.

தெருப்பக்கக் கண்ணாடிப் பெட்டியில் மாதிரிப் படங்கள் வைத்திருக்கிறேன், எல்லாம் நான் எடுத்த மாப்பிள்ளைகளும் பெண்களும். நடுவில் இருந்த ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என் படத்தை வைத்தேன். மதியம் சாப்பாடு கொண்டுவந்த அம்மா கண்ணாடி முன்னால் நின்றாள். தூக்குச்சட்டியைக் கீழே வைக்காமலே நின்றாள். பிறகு உள்ளே வந்து சோறு போட்டாள்.

அதற்குப் பிறகு மூன்று பேர் நின்று பார்த்தார்கள். ஒரு தாயும் மகளும் படி ஏற வந்து, பார்த்துவிட்டு, திரும்பிப் போனார்கள். உள்ளே ஒருவரும் வரவில்லை. கடையைப் பூட்டும்போது படத்தை எடுத்துவிடக் கண்ணாடியைத் திறந்தேன். எடுக்காமல் மூடினேன்.