எந்தத் தொட்டி என்று நான் கேட்கவில்லை

அன்புள்ள அவருக்கு,

வணக்கம். அத்தை நலம். நான் பக்கத்தில் உட்கார்ந்தால் சாப்பிடுகிறார்கள், இல்லாவிட்டால் தட்டை அப்படியே மூடி வைத்துவிடுகிறார்கள். நான் இருக்கிறேன்.

ஐந்து வாரமாக நீங்கள் என் போனை எடுப்பதில்லை. அத்தையின் போனிலிருந்து கூப்பிட்டால் எடுக்கிறீர்கள், என் குரல் கேட்டதும் "அம்மாகிட்ட குடு" என்கிறீர்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. உங்கள் தம்பியை அடக்கம் செய்த அன்று நீங்கள் போனில் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள். "நீ அங்கதானே இருந்தே?" நான் பதில் சொல்லவில்லை. அழுகிறேன் என்று நினைத்து வைத்துவிட்டீர்கள். நான் அழவில்லை. சொல்ல வேண்டியது அதிகமாக இருந்தது, சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். அதனால் இப்போது எழுதுகிறேன். முழுவதும் படியுங்கள். படித்த பிறகு கிழித்துப் போட்டாலும் சரி.

வீட்டில் சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. மாடி வீட்டுக்காரர் இரண்டு தடவை தண்ணீரை வழியவிட்டார், படுக்கையறைச் சுவரில் ஈரம் இறங்கியிருக்கிறது. தம்பி இருந்திருந்தால் ஏணியைப் போட்டுக்கொண்டு மேலே ஏறிச் சண்டை போட்டிருப்பான். நான் ஒரு துணியை அடியில் வைத்திருக்கிறேன்.

நீங்கள் இங்கே எங்கள் கம்பெனியில் வேலை பார்த்தபோது, எஃகுக் குழாய்களை முக்கியெடுக்கிற பெரிய தொட்டியில் நைட்ரிக் அமிலம் மட்டும்தான் இருந்தது. நீங்கள் வெளியூர் போன மறு வருஷத்திலிருந்து ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தையும் சேர்க்கிறார்கள். குழாய் பளிச்சென்று வருகிறதாம். அப்போது எங்களுக்கு ஒரு நாள் வகுப்பு நடந்தது. வந்தவர் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். மற்ற அமிலம் தோலைச் சுடும், உடனே எரியும், ஆளைத் துள்ள வைக்கும். இது துள்ள வைக்காது. சத்தமில்லாமல் உள்ளே இறங்கும். உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். எலும்பில் இருப்பதையும் எடுக்கும், ரத்தத்தில் இருப்பதையும் எடுக்கும். ரத்தத்தில் கால்சியம் இறங்கினால் இதயம் நின்றுவிடும். வலி சில மணி நேரம் கழித்துத்தான் வரும், அதனால் வலிக்காகக் காத்திருக்காதீர்கள் என்றார். நான் நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். அந்த நோட்டு இப்போதும் என் மேஜையில் இருக்கிறது.

இதற்கு மருந்து ஒரு ஜெல். கால்சியம் குளுக்கோனேட். பற்பசை டியூப் மாதிரி இருக்கும். என் முதலுதவி அறை அலமாரியில் இரண்டு டியூப் இருந்தது. போன வருஷம் தேதி முடிந்தது, எடுத்துப் போட்டேன். ஸ்டோருக்கு மூன்று முறை எழுதினேன். மூன்றாவது முறை நேரில் போனேன். ஸ்டோர்க்காரர் பேரேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "வரும்மா, வரும். அடுத்த வாரம் தணிக்கைக்கு ஆள் வராங்க, நீ பட்டியல்ல டிக் போட்டு வை" என்றார். பட்டியலில் இருபத்து மூன்று வரி. ஜெல் பதினான்காவது. நான் டிக் போட்டேன். அந்த மாதம் மட்டுமில்லை. ஏழு மாதம் போட்டேன். கீழே என் கையெழுத்து இருக்கிறது.

இனி அன்று நடந்தது.

தம்பியை அங்கே எல்லாரும் "ரேடியோ" என்று கூப்பிடுவது உங்களுக்குத் தெரியும். வாய் ஓயாது. வாரத்தில் இரண்டு நாளாவது ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு என் அறைக்கு வருவான். தலைவலி என்பான், கண்ணில் தூசி என்பான், வந்து ஃபேனுக்கு அடியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "அண்ணி, இந்த ஆஸ்பத்திரில டீ கிடைக்குமா?" என்பான். நானும் விரட்டுவேன். அன்று காலை பத்தரைக்கு வந்தபோது அப்படித்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன்.

வலது கால் பேன்ட் முழங்காலுக்குக் கீழே நனைந்திருந்தது. "கிரேன்ல குழாய்க் கட்டைத் தூக்கும்போது ஒரு பக்கம் சாஞ்சிருச்சு அண்ணி, குழாய்க்குள்ள நின்ன தண்ணி கால்ல கொட்டிருச்சு. பூட்ஸுக்குள்ள போய் சொதசொதங்குது, வேற சாக்ஸ் இருக்கா?" என்றான். வலிக்கிறதா என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல, கழுவுற தொட்டித் தண்ணிதான்" என்றான். காலைப் பார்த்தேன். லேசாகச் சிவந்திருந்தது. குழாயடியில் கழுவச் சொன்னேன். இரண்டு மூன்று நிமிஷம் கழுவினான். சாதாரணத் தீப்புண் களிம்பைத் தடவி, ஒரு வலி மாத்திரையும் கொடுத்து அனுப்பினேன். பதிவேட்டில் 'கழுவும் தொட்டி நீர், லேசான சிவப்பு' என்று எழுதினேன். ஈரப் பேன்ட்டைக்கூட மாற்றச் சொல்லவில்லை. அதே பேன்ட், அதே பூட்ஸ். அவன் அதற்குள் பேன்ட்டைச் செருகியிருந்தான். வெளியே விட்டிருந்தால் மேலே விழுந்தது வழிந்து தரைக்குப் போயிருக்கும்.

எந்தத் தொட்டி என்று நான் கேட்கவில்லை. கிரேனில் தூக்குகிற கட்டு பெரிய தொட்டியிலிருந்தும் வரும், அமிலம் போக அலசிக் கழுவுகிற தொட்டியிலிருந்தும் வரும். அது எனக்குத் தெரியும். இந்த ஐந்து வாரமாக என்னையே ஒன்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவன் சொன்னதை நான் நம்பினேனா, இல்லை நம்பினால் நல்லது என்று விட்டுவிட்டேனா? பெரிய தொட்டி என்று அவன் சொல்லியிருந்தால் அலமாரியைத் திறக்க வேண்டியிருந்திருக்கும். அலமாரியில் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அவன் ஏன் பொய் சொன்னான் என்பது பிறகு தெரிந்தது. அன்று ரப்பர் ஏப்ரன் போடவில்லை. வார் அறுந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது, மாற்றித் தரவில்லை. ஏப்ரன் இல்லாமல் பெரிய தொட்டிக்கிட்டே போனவன் என்று நான் எழுதினால் மேஸ்திரி மூன்று நாள் வெளியே உட்கார வைப்பார். அண்ணிக்குத் தெரிந்தால் அம்மாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரிந்தால் உங்களுக்குத் தெரியும். அவனுக்கு நீங்கள் என்றால் அவ்வளவு பயம்.

மூன்றரை மணிக்கு இரண்டு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ரேடியோ பேசவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான், நெற்றியெல்லாம் வியர்வை. காலைப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஆடுதசையில் தோல் வெளுத்துக் கொழகொழவென்று இருந்தது, அவ்வளவுதான். ஆனால் நான் தொட்டதும் அவன் போட்ட சத்தம் ஷெட் வரைக்கும் கேட்டதாம். வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே அப்படி வலித்தால் அது எது என்று நோட்டில் அடிக்கோடு போட்டிருக்கிறேன். அப்போதுதான் கேட்டேன். "பெரிய தொட்டிதான் அண்ணி, அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க" என்றான்.

பேன்ட்டைக் கத்தரித்துக் கழற்றினேன். ஒருவரைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்கச் சொன்னேன். என் கைப்பையில் அத்தைக்கு வாங்கின கால்சியம் மாத்திரை இருந்தது. டம்ளரின் அடியால் அத்தனையையும் பொடித்து, ஸ்கேன் எடுக்கிறவர்கள் தடவுகிற வழவழப்பான ஜெல் பழையது ஒரு டப்பா கிடந்ததில் குழைத்து, கையுறை போட்டுக்கொண்டு தேய்த்தேன். வண்டி வரும்வரை தேய்த்தேன். வண்டியிலும் தேய்த்தேன். கொஞ்சம் குறைகிறது என்றான். என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னானோ என்னவோ.

ஆஸ்பத்திரியில் பணியிலிருந்த டாக்டர் சின்ன வயசு. காலைப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு சத்தம்?" என்று கேட்டார். அமிலத்தின் பெயரைச் சொன்னேன். கால்சியம் ஊசி போடுங்கள், இதயத்துக்கு ஒயர் மாட்டிப் பாருங்கள் என்றேன். ரத்தப் பரிசோதனை வரட்டும் என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. காலையில் நான் பார்த்ததுபோலத்தான் அவரும் பார்த்தார். முடிவு வந்து, பெரிய டாக்டர் ஓடி வந்து, ஊசி ஏறும்போது ஆறு ஐம்பது. தம்பி என் கையைப் பிடித்திருந்தான். "வாயைச் சுத்தி மரத்துப் போற மாதிரி இருக்கு அண்ணி" என்றான். அதுதான் அவன் கடைசியாகப் பேசியது. இரண்டு முறை இதயத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். மூன்றாவது முறை வரவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இது. ஆமாம், நான் அங்கேதான் இருந்தேன். காலையிலும் இருந்தேன்.

மறுநாள் ஸ்டோரிலிருந்து பன்னிரண்டு டியூப் ஜெல் வந்தது. ஒரே நாளில். நான் பெட்டியைப் பிரிக்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதே வாரம் பாதுகாப்பு அதிகாரி ஒரு தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். காலையில் தொழிலாளி முதலுதவி அறைக்கு வரவே இல்லை, ஏற்கெனவே இதயக் கோளாறு இருந்திருக்கலாம் என்று தட்டச்சு செய்திருந்தது. "உங்களுக்கும் நல்லதும்மா, வயசானவங்க வேற வீட்ல இருக்காங்க" என்றார். அத்தை அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. இரண்டு நாள் கழித்துப் பதிவேட்டின் பக்கத்தையும் ஏழு மாதப் பட்டியலையும் நகலெடுத்துத் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தில் கொடுத்தேன். நான் எழுதின பொய்யையும் சேர்த்துத்தான். இதைத் தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தத் தாளில் அவனுக்கு இதயக் கோளாறு என்று இருந்தது. அவன் இதயத்தில் ஒரு கோளாறும் கிடையாது. அதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை.

இப்போது என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தவறு முழுவதும் நர்ஸுடையது என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது. விசாரணை இரண்டு மாதம் கழித்து. என் சான்றிதழ் போகலாம். ஸ்டோர்க்காரர் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். பெரிய தொட்டியில் இன்றைக்கும் குழாய் இறங்குகிறது.

காலையில் அவன் என்னிடம் வந்தது அத்தைக்கு இன்னும் தெரியாது. வருகிறவர்களிடமெல்லாம், "என் மருமக நர்ஸா இருந்ததாலதான் கடைசி நேரத்துல புள்ளைக்குத் துணை இருந்துச்சு" என்று சொல்லி என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்கிறார்கள். நான் கையை இழுத்துக்கொள்வதில்லை. இழுத்தால் ஏன் என்று கேட்பார்கள். விசாரணைக்கு முன்னால் நான்தான் சொல்ல வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இது நடப்பதற்கு முன்னால் நீங்கள் பேசியபோது, அங்கே வெல்டிங் கறை எடுக்க ஒரு வெள்ளைப் பசை தருகிறார்கள், விரல் நுனி வெளுத்துவிடுகிறது என்று சொன்னீர்கள். நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன். அந்த டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். அதே அமிலமாகத்தான் இருக்கும். மெல்லிய கையுறை போதாது, முழங்கை வரை வருகிற கெட்டியான ரப்பர் கையுறை கேளுங்கள், போடுவதற்கு முன் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். முகத்துக்கு மறைப்பு வேண்டும். மூடிய அறையில் தடவாதீர்கள், தனியாக இருக்கும்போது தடவாதீர்கள். துளி பட்டால் வலிக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். ஓடுகிற தண்ணீரில் உடனே கழுவுங்கள், கழுவிக்கொண்டே துணியைக் கழற்றுங்கள். ஜெல் இருந்தால் ஐந்து நிமிஷம் கழுவிவிட்டுத் தேயுங்கள், வலி அடங்கும் வரை தேயுங்கள், தேய்க்கிறவர் கையுறை போட்டிருக்க வேண்டும். ஜெல் இல்லாவிட்டால் வண்டி வரும்வரை தண்ணீரை நிறுத்தாதீர்கள். கண்ணில் பட்டால் தண்ணீர் மட்டும்தான், அந்த ஜெல்லைக் கண்ணில் போடக் கூடாது. சின்னதாகத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், டப்பாவின் தாளைக் கையோடு கொண்டுபோங்கள், அமிலத்தின் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள். உங்கள் இடத்து முதலுதவிப் பெட்டியை நீங்களே திறந்து பாருங்கள். பட்டியலை நம்பாதீர்கள். என்னைப் போன்றவர்கள்தான் அதில் டிக் போடுகிறார்கள்.

என்னை மன்னியுங்கள் என்று கேட்க இந்தக் கடிதத்தை எழுதவில்லை. அதைக் கேட்க வேண்டிய ஆள் போய்விட்டான். நீங்கள் என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. விரல் எப்படி இருக்கிறது என்று மட்டும் அத்தையிடம் சொல்லுங்கள், நான் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் உடம்பில் ஒரு சிவப்பும் ஏறாமல் இருக்கட்டும். ஒப்பந்தம் முடிந்ததும் முழுசாகத் திரும்பி வாருங்கள். என்னிடம் வர மனசு வராவிட்டால், உங்கள் அம்மாவிடம் வாருங்கள். அவர்களுக்கு இனி நீங்கள் ஒருவர்தான்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் இருப்பவள்