சரீபாவின் கால்கள் பற்றிய மெய்

விண்ணப்பகாரன்: அச்சிமுகம்மது கலந்தர்லெவ்வை (ஐந்தாம் வகுப்புச் சித்தியடைந்தவன், கடல் நீச்சலில் இந்தக் கரைக்கே முதலாமவன்), மருதமுனை.

பெறுபவர்: சுகாதார வைத்திய அதிகாரி துரை அவர்கள், கல்முனைப் பகுதி.

விடயம்: என் மருமகள் சரீபாவைக் குஷ்டரோகி என்று தீவு ஆசுப்பத்திரிக்கு ஏற்றும் கட்டளையை நிறுத்தல்.

கனம் பொருந்திய ஐயா,

1. சரீபா என் சகோதரியின் மகள், நெசவுகாரி. சென்ற வருடம் கழுத்தில் புற்றுநோய்க் கட்டி கண்டு கொழும்பில் நான்கு மாதம் புது ஊசி போட்டார்கள். கூட்டிச் சென்றவன் அடியேன். பெரிய டாக்டர் எனக்குக் கைகொடுத்து மூன்று மணி நேரம் கதைத்தார். கட்டி கரைந்தது, கால் இரண்டும் மரத்துப்போயின. அது ஊசியின் வேலை, தினமும் பாதங்களைக் கண்ணால் பார்த்துப் பேணுங்கள் என்றார்.

2. தறியில் இருந்தால் கால், மிதிபலகை இருக்கும் குழிக்குள் போய்விடும். காணாத காலை அவள் தன்னுடையதென்று நம்புகிறாளில்லை. ஆகையால் என் சவரக் கண்ணாடியைக் குழியில் சாய்த்து வைத்தேன். முழுக்க என் புத்தி. அதைப் பார்த்தே மிதித்து நெய்கிறாள்.

3. இனி வெட்கத்தோடு எழுதுவது. ஜவுபரின் தேநீர்க் கடையில், அவள் விரலை நண்டு தின்றது, அவள் அறியவேயில்லை என்றேன். கடையே வாய் பிளந்து கேட்டதால் ஒரு விரல் மூன்று விரலாயிற்று. கண்ணாடியில் நாலு கால் தெரிகிறது என்றும் சொன்னேன். யாரோ தங்கள் பரிசோதகரிடம் சொல்ல, அவர் வந்து பாதத்தில் ஊசி குத்தினார். இரத்தம் பாயில் சொட்டிக்கொண்டிருக்க, "எப்ப குத்தப் போறீங்க?" என்று சரீபா அவரிடம் கேட்டாள். உணர்வில்லை, குஷ்டம்தான் என்று எழுதிக்கொண்டு போனார். திங்கட்கிழமை அவளை ஏற்ற வண்டி வருமாம்.

4. ஐயா, விரல் பத்தும் இருக்கின்றன. நண்டு பொய். நாலு கால் பொய். டாக்டர் கதைத்ததும் வாசலில் நின்றபடி நாலு வார்த்தைதான். ஆனால் கால் மரத்தது ஊசியால்தான் என்று கடிதம் தந்தார், இத்துடன் இணைத்துள்ளேன். அதில் ஓர் எழுத்தும் என் கையல்ல.

5. நேற்று லுஹர் தொழுது வந்தபோது கண்ணாடி கவிழ்ந்து கிடந்தது. சரீபாவின் கை இரண்டும் மடியில். மிதிபலகை மாத்திரம் ஏறி இறங்கியது. நிறுத்து மகள் என்றேன். "நான் அப்பவே நிறுத்திட்டன் மாமா. உள்ளுக்கு ஆரோ மிதிக்காங்க" என்றாள். இதை நான் எந்தக் கடையிலும் சொல்லவில்லை.

தீவில் அவள் காலை அவளுக்குக் காட்ட யார் இருக்கிறார்? திங்களுக்கு முன் தாங்களே வந்து, கடிதத்தை வாசித்து, அவள் பெயரைப் பட்டியலிலிருந்து வெட்டிவிட வேண்டுகிறேன். வரும்போது குழிக்குள்ளும் ஒருமுறை பாருங்கள். நான் இன்னும் பார்க்கவில்லை.

மருதமுனை
12.3.1964

இப்படிக்கு,
கீழ்ப்படிவுள்ள
அ. கலந்தர்லெவ்வை
(கையொப்பம்)