சனிக்கிழமைப் பேருந்து

டேட்டன், ஒஹாயோ
1984 மார்ச் 4

என் ஒலீட்டாவுக்கு,

நலம்தான். ஆனால் நீ பக்கத்தில் இல்லாத நலம் என்ன நலம்? ஊரில் நான் வேலை பார்த்த நிலக்கரிச் சுரங்கத்தை மூடியபின் இப்போதுதான் நிம்மதியாகச் சாப்பிடுகிறேன். தொழிற்சாலையில் வேலை நிரந்தரமாகிவிட்டது. நமக்கு ஒரு வீடும் பேசி வைத்திருக்கிறேன். 24ஆம் தேதி சனிக்கிழமைப் பேருந்தில் வந்துவிடு. நர்ஸ் படிப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். காலேஜ் எங்கே ஓடிவிடப் போகிறது?

உன் ஆர்வில்

*

பைன் ஃபோர்க், கென்டக்கி
மார்ச் 9

அன்புள்ள ஆர்வில்,

வீடு கிடைத்ததில் சந்தோஷம். ஆனால் இங்கே நான் ஒரு கூத்து அடித்துவிட்டேன். வகுப்பில் ஒருவர் கையில் ஒருவர் ரத்தம் எடுத்துப் பழகுகிறோம். டார்லாவின் கையில் ஊசியைச் சரியாகத்தான் போட்டேன். எடுத்ததும் ரத்தம் வழிந்தது. பஞ்சை வைத்து அழுத்த வேண்டியவள், சொன்னால் ரத்தம் நின்றுவிடும் என்று நீ கற்றுத்தந்த பைபிள் வசனத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்! டார்லாவின் சட்டையெல்லாம் ரத்தம். வகுப்பே சிரித்தது.

ஆசிரியை பர்னெட் சிரிக்கவில்லை. "ஜெபம் பண்ணு, நான் வேணாங்கல. கை ஏன் சும்மா இருக்கு?" என்றார். 19ஆம் தேதி மறுபரீட்சை. தவறினால் என் இடம் வேறொருத்திக்குப் போய்விடும். பாதியில் விட்டு வந்தால் ஒஹாயோவில் முதலிலிருந்து தொடங்க வேண்டுமாம். எப்படி வருவேன்?

உன் ஒலீட்டா

*

டேட்டன்
மார்ச் 13

ஒலீட்டா,

அம்மா என் காதோடு சொன்ன வசனம் அது. ஆண் பெண்ணுக்கும் பெண் ஆணுக்கும் ரகசியமாகத்தான் சொல்லித்தர வேண்டும். நீ வகுப்புக்கே ஒப்பித்துவிட்டாய். இனி அது யாருக்குப் பலிக்கும்?

இங்கே கூட வேலை செய்கிறவன், "என்னப்பா, உன் பொண்டாட்டி வர்றாளா, இல்ல எவனாவது டாக்டரைப் புடிச்சுட்டாளா?" என்று கேட்கிறான். சனிக்கிழமை நிலையத்தில் நிற்பேன். நீ இறங்காவிட்டால் எனக்கு மனைவி இல்லை என்று எண்ணிக்கொள்வேன்.

ஆர்வில்

*

பைன் ஃபோர்க்
மார்ச் 20

ஆர்வில்,

தேறிவிட்டேன். டார்லாதான் மறுபடியும் கையை நீட்டினாள். வேறு எவளுக்கு அந்தத் துணிச்சல்? வசனம் மனசுக்குள் ஓடியது. ஓடட்டும் என்று விட்டுவிட்டேன். பஞ்சை அழுத்திய விரலை மட்டும் எடுக்கவில்லை.

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். அப்புறம் சோள ரொட்டி சுட்டுச் சாப்பிட்டுவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன். சுரங்கம் மூடியபோது நம் இரண்டு பேர் சாப்பாடும் உன் ஒருவன் கையில்தான் இருந்தது. நாளைக்குத் தொழிற்சாலையும் மூடினால்? அடுத்த வருடம் மே மாதம் படிப்பு முடிகிறது. அதன்பின் நீ சொல்லும் ஊருக்கு வருகிறேன். அதற்கு முன்னால் வரமாட்டேன்.

சனிக்கிழமை குளிரில் போய் நிற்காதே. அன்று எனக்கு மருத்துவமனையில் முதல் நாள். மனைவி இல்லை என்று நீ எண்ணினால் எண்ணிக்கொள். நான் அப்படி எண்ணப்போவதில்லை.

உன் மனைவி,
ஒலீட்டா

*

டேட்டன்
மார்ச் 25

ஒலீட்டா,

நீ வரமாட்டாய் என்று தெரிந்தும் போய் நின்றேன். எல்லோரும் இறங்கினார்கள். பேருந்தைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த கிழவர், "யாருக்காகத் தம்பி நிக்கிற?" என்று கேட்டார். கோபமாகத்தான் வாயைத் திறந்தேன்.

"என் பொண்டாட்டிக்கு. அவ நர்ஸுக்குப் படிக்கிறா. அடுத்த வருசம் மே மாசம் வருவா" என்றேன்.

ஆர்வில்