நிலாவின் நாற்காலி

சேரப்பணஞ்சேரி

அன்புள்ள நிலா அப்பாவுக்கு,

முத்துச்செல்வி எழுதுகிறேன். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? உச்சி வெயிலில் சாரத்தின் மேல் ஏறி நிற்காதீர்கள். இது போனில் சொல்ல முடியாத செய்தி. என் குரல் கொஞ்சம் கம்மினாலே நிலா கண்டுபிடித்து அழுகிறாள். அதனால்தான் தோஹாவுக்குத் திரும்பும் சுப்பராயன் அண்ணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நிலாவின் நாற்காலி போய்விட்டது.

கம்பெனி விருந்தினர் விடுதியை இடித்தபோது காயலான் கடைக்குப் போக இருந்ததை மேனேஜரிடம் கேட்டு வாங்கி வந்தீர்களே, வளைந்த ஸ்டீல் பைப்பும் கறுப்புத் தோலுமாக, அதுதான். பின்கால் இல்லாததால் உட்கார்ந்தால் மெல்ல மேலும் கீழும் ஆடும். கழுத்து நிற்காத நம் பிள்ளை எங்கே வைத்தாலும் விறைத்துக்கொள்வாள், அதில் மட்டும் இளகிக் கிடப்பாள். அதில் வைத்துத்தான் சோறு ஊட்டுவேன்.

போன செவ்வாய்க்கிழமை கம்பெனி அதிகாரி ஒருவரும், பழைய நாற்காலிகளைச் சேகரிக்கிற சென்னைக்காரர் ஒருவரும் வந்தார்கள். கூடவே உங்கள் தம்பி பகலவன். அது வெளிநாட்டில் நூறு வருஷத்துக்கு முன்னால் வடிவமைத்த மாடலாம். சென்னைக்காரர் சேர்த்திருக்கும் செட்டில் இது ஒன்றுதான் குறைகிறதாம். இது கம்பெனிச் சொத்து, திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றார் அதிகாரி. நிலா அப்பா மேனேஜரிடம் கேட்டுத்தான் எடுத்து வந்தார் என்றேன். அந்த மேனேஜர் ஊருக்கே போய்விட்டார், யாரைப் போய்க் கேட்பது என்றார் அதிகாரி.

"குட்த்துடு அண்ணி. நம்ம வூட்ல ஒண்ணு கீதுன்னு நான்தான் வாய்தவறிச் சொல்லிட்டேன். குட்க்கலேன்னா என்னைக் கம்பெனி லைன் வேலைலருந்து தூக்கிடுவாங்க" என்று பகலவன் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

அப்போது நிலா அதில்தான் உட்கார்ந்திருந்தாள். சென்னைக்காரர் மண்டியிட்டு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். எச்சில் வடிந்து கறைபட்ட நாற்காலித் தோலைத் தடவி, "ஐயோ, இப்படி ஆயிடுச்சே" என்றார். அவர் தோலைத்தான் சொன்னார். புது ஆளைப் பார்த்த சந்தோஷத்தில் நிலா சிரித்தாள். அதற்கப்புறம் பிள்ளையைத் தூக்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். நான்தான் தூக்கினேன். குளிக்க வைக்கப் போகிறேன் என்று நினைத்து என் தோளில் முகத்தைத் தேய்த்தாள்.

படப்பையில் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி, புடவையால் கட்டி உட்கார வைத்துப் பார்த்தேன். விறைத்து வழுக்கி விழுகிறாள். சோறு இறங்கவில்லை. நின்றுபோயிருந்த வலிப்பு மறுபடி வந்துவிட்டது. பயப்படாதீர்கள், டாக்டர் மருந்தை மாற்றியிருக்கிறார்.

பகலவனைத் திட்ட வேண்டாம். ஷிப்ட் முடிந்து வந்து வாசலிலேயே நிற்கிறான். கூப்பிட்டாலும் உள்ளே வருவதில்லை. வல்லக்கோட்டை முருகனுக்கு உங்கள் பெயரில் அர்ச்சனை செய்தேன்.

இப்போது காலை நீட்டி உட்கார்ந்து, அவளைத் தொடையில் வைத்து ஆட்டுகிறேன். அப்போது மட்டும் இரண்டு வாய் வாங்குகிறாள். ஒன்பது வயதுப் பிள்ளை, கனக்கிறாள். என்னால் ஆனவரைக்கும் ஆட்டுவேன். உங்கள் சூப்பர்வைசரிடம் லீவு கேட்டுப் பாருங்கள். கொஞ்ச நாள் என்றாலும் போதும்.

நீங்கள் அங்கே நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
முத்துச்செல்வி