தொட்டி மணலில் குழிகள்

4.3.1984, ஞாயிறு

மீன் தொட்டி மணலில் மறுபடியும் குழிகள். வரிசையாகப் பதினொன்று. நேற்று மாலைதான் அடிக்கோலால் மட்டம் தட்டி வைத்தேன். மீன் தோண்டினால் இவ்வளவு ஒழுங்காக வருமா? முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன் நான். பால் வாளியில் தண்ணீர் கலந்தவனை முகத்தைப் பார்த்தே பிடித்திருக்கிறேன். என் காதிலேயே பூச்சுற்றப் பார்க்கிறார்களா?

வீட்டில் மூன்றே பேர். மகன் சேது விடியுமுன்பே ராவாங் தொழிற்சாலைக்குக் கிளம்பிவிடுகிறான். மிச்சம் நானும் மருமகள் சந்திரிகாவும். கல்யாணமாகி நான்கு மாதம். தொட்டியைத் தொடக்கூடாது என்று முதல் நாளே சொல்லியிருக்கிறேன்.

7.3

நான் குளிக்கப் போகிற நேரத்தில்தான் நடக்கிறது. இன்று பன்னிரண்டு குழி.

9.3

கோயிலில் சன்னாசியிடம் சொன்னேன். என்னோடு தோட்டத்தில் ஆள்களை மேய்க்கும் மண்டோராக இருந்தவர். காதருகே குனிந்து, "தகடு கிகடு பொதைச்சிருப்பாங்க லா கிராணி" என்றார். சிரித்துவிட்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் சிரிப்பு வரவில்லை. சேது இப்போதெல்லாம் எதற்கும் அவளைத்தானே கேட்கிறான் — எதனால்?

11.3, ஞாயிறு

மணல் முழுவதையும் அள்ளி, அவளுடைய மாவுச் சல்லடையிலேயே சலித்தேன். இரண்டு நத்தை, உடைந்த ஈர்க்கு ஒன்று. தகடு இல்லை. ஈர்க்கு எப்படி உள்ளே போனது? கேட்டேன். ஒளிக்காமல் சொன்னாள்.

"நான்தான் மாமா. அடி மண்ணு அழுகுது. குத்தி விட்டாத்தான் கெட்ட காத்து வெளிய போகும்."

சுங்கை செம்பிலாங் கடற்கரைச் சேற்றோரம் வளர்ந்தவளாம், அந்த வாடை தெரியுமாம். மணல் அழுகுமா? கதை. ஆத்திரத்துல தகடுன்னு வாய விட்டுட்டேன். யாரு சொல்லிக்குடுத்து இந்த வேலைன்னும் கேட்டுட்டேன். சல்லடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சேது மட்டும் நின்றான்.

"நீங்க யாரையாச்சும் நம்பியிருக்கீங்களாப்பா?"

18.3

ராவாங்கில் வாடகைக்கு வீடு பார்த்துப் போய்விட்டார்கள். போகட்டும்.

2.4

மணலைக் கழுவிப் போட்டு, இறுக்கித் தட்டி மட்டம் செய்தாயிற்று. ஒரு குழி இல்லை. இப்போதுதான் பார்க்க லட்சணமாக இருக்கிறது.

20.5

கண்ணாடியோரம் மணலின் அடியில் கறுப்பு. குமிழ் குமிழாக மேலே வருகிறது. அழுகிய முட்டை நாற்றம். ஒரு மீன் செத்தது. பக்கத்து வீட்டு வேலம்மா நேற்று சீனி கேட்டு உள்ளே வந்தாளே — எதையாவது ஊற்றியிருப்பாளோ?

23.5

மீதி ஐந்தும் மிதந்தன.

கறுப்பு மணலைப் போத்தலில் அடைத்து, கோல சிலாங்கூர் வளர்ப்பு மீன்கடைச் சீன முதலாளி தவுக்கேயிடம் காட்டினேன். மோந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். இறுகிய மணல் அடியில் அழுகத்தான் செய்யும், அடிக்கடி குத்திக் கிளற வேண்டும் என்றார். இதுவரை யார் கிளறியது என்று கேட்டார். போத்தலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வெட்கமாக இருக்கிறது. என்ன பேச்சுப் பேசிட்டேன் அந்தப் பொண்ண.

3.6, ஞாயிறு

மன்னிப்புக் கேட்கத்தான் ராவாங் போனேன். பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். சேது ஓவர்டைம் போயிருந்தான். சந்திரிகா வாங்க மாமா என்று கூப்பிட்டு, தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தாள். குடித்து முடித்ததும் சொல்லலாம் என்று இருந்தேன். அவள்தான் பேச்சை எடுத்தாள்.

"மீனெல்லாம் எப்படி இருக்கு மாமா?"

நன்றாக இருக்கின்றன என்றேன்.

"மண்ணக் குத்தி விடுறீங்களா?"

"தெனமும் விடுறேன்மா."

அவள் முகம் மலர்ந்தது. நம்பிவிட்டாள்.